பிறர் கூரையும் நம் சுத்தியலும்

மழை பெய்யும் இரவில் கூரை ஒழுகினால் மனிதன் செய்யக்கூடியவை இரண்டே. ஒழுகுமிடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, பொழுது விடிந்ததும் வீட்டுக்குடையவனிடம் சென்று முறையிடலாம். அல்லது ஏணியைச் சாய்த்துத் தானே மேலேறிப் பழுதைச் செப்பனிடலாம். வீடு தன்னுடையதாயின் இதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. வீடு பிறனுடையதாயும், அதிலேயே பிறந்து வளர்ந்து மக்களைப் பெற்றவன் தானாயும் இருந்தால், அவ்வேணியில் கால் வைப்பது தகுமா, தகாதா? கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. மாரிதோறும் தலைமேற் சொட்டிய கேள்வி.

இதுபற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பட்டணத்து நண்பர் ஒருவர் எம்மிடம் கூறினார்: "வீடு துரையுடையது, பழுது பார்ப்பது துரையின் கடமை. நாமே பார்த்துக் கொண்டால் அவரைக் கடமையினின்று விடுவித்தவர்கள் ஆகிறோம். நம் உழைப்பையும் காசையும் பிறன் வீட்டிற் கொட்டுவது மடமை." தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "துரை வரும்வரைக்கும் பிள்ளை நனையணுமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருவர் கூற்றும் உண்மை. ஒன்று பொய்யாயிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

லயத்தை அறியாத இளைஞர்க்காகச் சிறிது சொல்லுவோம். நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாகப் பத்தடிச் சதுரத்தைச் சற்றே மிஞ்சிய அறைகள். அறைக்கும் அறைக்கும் இடையே பலகைத் தடுப்பு. முற்காலத்தில் அத்தாப்பு வேய்ந்திருந்தனர்; பின்பு தகரம் வந்தது. தகரக் கூரைக்கு ஓர் இயல்புண்டு. பகல் வெயிலில் அது விரியும். இரவுக் குளிரில் சுருங்கும். நாடோறும் இப்படி விரிந்து சுருங்குவதால் ஆணி சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஆணித்துளை அகன்று, அதன் வழியே நீர் இறங்கும். தகரத்தின் மேட்டில் அடித்த ஆணி நெடுநாள் தாங்கும். பள்ளத்தில் அடித்த ஆணியோ நீரோடும் வாய்க்காலில் துளையிட்டதற்கு ஒப்பாகும். கூலிக்கு வந்தவர் அவசரத்தில் எங்கே அடித்தார் என்பதை, அதன்கீழ்ப் படுத்துறங்குபவனே நன்கறிவான்.

கூலிமுக்கு அப்பால் நாம் சிறுவராயிருந்த தோட்டத்தில், அடுத்த வீட்டுப் பால்வெட்டுத் தொழிலாளியைச் சித்தப்பா என்றே அழைத்தோம். உறவு ஒன்றுமில்லை, சுவர்தான் உறவு. அவர் பழைய சைக்கிள் ட்யூபைக் காசளவு வட்டங்களாக வெட்டி, ஒவ்வோர் ஆணிக்கும் ஒன்றாக இட்டு, மேலே தார் பூசுவார். முதன்முறை தம் அறைக்கு மேலே மட்டும் செய்தார். ஆனால் ஒரே கூரையல்லவா? அங்கே தடைப்பட்ட நீர் தகரத்தின் இணைப்பு வழியே நகர்ந்து இரண்டு அறைக்கு அப்பால் இறங்கிற்று. அங்கிருந்த அம்மாள் வைததை இங்கே அச்சிட இயலாது. மறுவாரம் அவர் லயம் முழுவதற்கும் ஆணி மாற்றினார். தன் கையாலே தன் வீட்டைச் சீர்செய்து கொள்ளுதல் என்று எளிதிற் சொல்லிவிடுகிறோம்; லயத்தில் அந்தத் "தன்" என்னும் சொல் எங்கே முடிகிறதென்று அன்று எமக்கு விளங்கவில்லை.

இனிக் கடமையைப் பார்ப்போம். சட்டம் பட்டணத்து நண்பரின் பக்கமே நிற்கின்றது. தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்ச அளவை வரையறுத்து 1966ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் மீதே வைத்தது. ஆயினும் சட்டத்தின் கடமைக்குக் காலம் உண்டு, மழைக்கு இல்லை. கிராணியிடம் சொல்லி, கிராணி துரையிடம் சொல்லி, துரை கணக்குப் பார்த்துத் தகரம் வரவழைப்பதற்குள் தொட்டிலில் உள்ள குழந்தைக்குச் சளி பிடித்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் காணவேண்டும். பழுது பார்ப்பவன் இருவகைக் காரியங்களைச் செய்கின்றான். துன்பத்தை நீக்குவது ஒன்று. துன்பத்துக்குப் பொறுப்பானவன் யார் என்பதை மறைத்துவிடுவது மற்றொன்று. முதலாவதை அவன் விரும்பிச் செய்கின்றான்; இரண்டாவது அவன் அறியாமலே நடக்கின்றது. ஒழுகாத கூரையைப் பார்க்கும் துரை, அது தம் நிர்வாகத்தின் சிறப்பென்று எண்ணிக் கொள்வார். ஆதலால், ஏணியில் ஏறுவது குற்றமன்று. ஏறியதைச் சொல்லாமலிருப்பதே குற்றம் என்பது எம் கருத்து. ஆணி எத்தனை, தார் எவ்வளவு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிக் கிராணியின் மேசைமேல் வைத்திருந்தால், பணம் வந்திராமற் போகலாம். பொறுப்பு யாருடையது என்பது மறைந்திராது. சித்தப்பா அவ்வாறு எழுதினாரா? இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நாமும் எழுதிக் கொடுக்கவில்லை.

1946ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் பீடோங் வட்டாரத்திலும், சிறப்பாக ஹார்வர்ட் தோட்டத்திலும் எழுந்த தொண்டர் படையினர் இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய முயன்றவர்கள். கள்ளுக்கடையை எதிர்த்துத் தம்மவரைத் தாமே திருத்தப் புறப்பட்டனர். அதே கையால் முதலாளியிடம் உரிமையும் கேட்டனர். தன்னைத் திருத்திக் கொள்பவன் பிறனிடம் கேட்கும் உரிமையை இழப்பான் என்று அவர்கள் கருதவில்லை. ஜப்பானியர் காலத்துப் பட்டினியில், பழைய டயரிலே செருப்புத் தைத்து, சாம்பலும் எண்ணெயும் கலந்து சவர்க்காரம் காய்ச்சி, மரவள்ளியை நட்டு உயிர்பிழைத்தவர்கள் அவர்கள். சயாம் ரயில் பாதைக்குப் போன உற்றார் பலர் மீளாததைக் கண்டவர்கள். கையை நம்பி வாழக் கற்றவர்கள் வாயைத் திறக்கவும் கற்றதில் வியப்பில்லை.

உழைப்பு உரிமையைத் தருமா என்பது பழைய கேள்வி. ஆங்கில அறிஞர் ஜான் லாக், 1689இல் வெளிவந்த தம் நூலில், ஒருவன் தன் உழைப்பை எதனோடு கலக்கின்றானோ அது அவனுடையதாகின்றது என்று வாதித்தார். அவர் நினைத்தது யாருக்கும் உரியதல்லாத நிலத்தை. ஏற்கெனவே பிறனுக்குரிய கூரையில் அடித்த ஆணியைப்பற்றி அவர் வாதம் துணை செய்யாது. அமெரிக்க அறிஞர் தோரோவை நம்மவர் சிலர் கைம்முயற்சிக்கு முன்மாதிரியாகக் காட்டுவர். 1845இல் வால்டன் குளக்கரையில் அவர் தாமே ஒரு சிறு வீட்டைக் கட்டிக் கொண்டார். இருபத்தெட்டு டாலர் பன்னிரண்டரை சென்டு செலவென்று கணக்கும் எழுதினார். ஆனால் அந்த நிலம் அவருடையதன்று, நண்பர் எமர்சனுடையது. கோடரியும் இரவல், வாங்கியதைவிடக் கூராக்கித் திருப்பிக் கொடுத்ததாக அவரே கூறுகின்றார். நண்பனின் நிலத்தில் இரண்டாண்டு வாழ்ந்து மனம்போல் வெளியேறியவர்க்கு அது போதும். வெளியேறு என்று ஓலை வந்தபின் போக இடமில்லாதவனுக்கு அது போதுமா?

போதாது என்பதை நம் நாட்டு நடைமுறையே காட்டிற்று. 1950களில் பெருந்தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டு துண்டாகப் பிரிந்தபோது, லயத்தில் வாழ்ந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச்சட்டப்படி, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் குடியிருப்பினால் மட்டும் நிலத்தில் உரிமை பிறவாது. வேலைநீக்கம் செய்யப்பட்டவர்க்கு 1980ஆம் ஆண்டு விதிகள் இழப்பீடு வகுத்தன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு ஆண்டுக்கு இருபது நாட்கூலி. நாட்கூலிக்குக் கணக்குண்டு. பின்புறம் தாமே இழுத்துக் கட்டிய அடுப்பங்கரைக்கும், நட்டு வளர்த்த முருங்கைக்கும், கல் பரப்பிய சாக்கடைக்கும் அக்கணக்கில் இடமில்லை. பினாங்கில் புவா பாலா கிராமத்து வீடுகள் 2009இல் இடிக்கப்பட்டபோதும் நாம் கண்டது இதுவே. தலைமுறை தலைமுறையாகப் பேணிய வீடு, பத்திரத்தின் முன்னே வெறும் மரமும் தகரமும் ஆயிற்று.

இவ்விடத்தில், கூட்டுறவு முறையால் தோட்டத்தையே வாங்கிவிடலாம் என்று 1960இல் தொடங்கிய முயற்சியைக் குறிப்பிடாமற் போவது நன்றியன்று. துன் சம்பந்தன் அவர்கள் லயம் லயமாகச் சென்று சிறுசிறு தவணையாகப் பங்குத்தொகை திரட்டினார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம், ஆண்டு 1961. பங்குதாரன் ஆனவன் கூரையில் ஏறும்போது பட்டணத்து நண்பரின் கேள்விக்கு இடமில்லாமற் போகின்றது.

மற்றொரு தடையும் நம்மிடம் இருந்தது. அதனை மறைப்பது நேர்மையன்று. மரவேலை ஆசாரிக்குரியது, தோல் வேலை இன்னாருக்குரியது, சாக்கடை வாருவது இன்னாருக்கே உரியது என்று கடல்தாண்டி வரும்போதும் மூட்டையிற் கட்டிக்கொண்டு வந்தோம். அறுந்த செருப்பைத் தானே தைப்பது இழிவென்று வெறுங்காலோடு பால் வெட்டப் போனவனும் உண்டு. நாம் கடாரம் என்று பெருமை பேசும் இந்நிலத்தில், மெர்போக் ஆற்றுப்புறத்துச் சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தவர்கள் பழைய இரும்புருக்கு உலைகளையும் காற்றூதும் மண்குழாய்களையும் கண்டெடுத்தனர். அக்குழாயில் ஊதியவன் எந்தச் சாதி என்று மண் சொல்லவில்லை. தரையை மெழுகி, அடுப்புக்கு மண் குழைத்து, கிழிந்ததைத் தைத்து, ஆண்டு முழுதும் வீட்டைப் பழுது பார்த்த பெண்களின் வேலையை நாம் வேலையென்றே எண்ணாததும் இதே மூட்டையில் வந்ததுதான். ஆண் ஏணியில் ஏறினால் மட்டும் அக்கம்பக்கம் கூடி வேடிக்கை பார்க்கும்.

இன்று லயத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணியிலும் லூனாசிலும் பாடாங் செராயிலும் தவணைக்கு வீடு வாங்கிக் குடியேறியவர் பலர். வீடு சொந்தம், ஆனால் குழாய் சொட்டினாலும் ஆளைத் தேடுகிறோம். இதில் ஒரு பகுதி சோம்பல். ஒரு பகுதி நியாயம். மின்சாரப் பெட்டியில் உருகும் கம்பிக்குப் பதில் தடித்த கம்பியைச் செருகுபவன் தன் வீட்டுக்கு மட்டுமன்று, ஒட்டிய வீட்டுக்கும் தீ வைக்கின்றான். மோட்டார் வண்டியின் பிரேக் குழாயில் காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சுபோல் அமிழும். அதனை அரைகுறையாகப் பழுது பார்த்துச் சாலையிற் செல்பவனுக்குத் தன் உயிர்மேல் உரிமையிருக்கலாம், எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையின் உயிர்மேல் ஏது? தோட்டத்துக்கென்று சேர்த்துவைத்த வாளியிலும் டின்னிலும் நீர் தேங்கினால், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பிறந்து தெருவெல்லாம் டிங்கியைப் பரப்பும். சுவரும் சாலையும் காற்றும் பொதுவாயிருக்கும்வரை, பட்டணத்திலும் நாம் ஒரே கூரையின் கீழேதான் இருக்கின்றோம் போலும்.

சித்தப்பாவின் கதையை முடித்துவிடுவோம். தோட்டம் கைமாறிற்று, செம்பனை நடப் போவதாகச் சொன்னார்கள். அடுப்பங்கரைக்கு அவர் தம் காசில் கூலிமில் வாங்கியவை எட்டுத் தகரங்கள். கழற்றிச் செல்வது திருட்டு என்றார் சிலர். விட்டுச் செல்வது மடமை என்றார் சிலர். கட்டடத்தில் அடித்தது கட்டடத்துக்கே சொந்தம் என்று கிராணி கூறினார். சித்தி ஒன்றும் கூறாமல் முருங்கைக் கிளையை ஒடித்து ஈரச்சாக்கிற் சுற்றிக்கொண்டிருந்தார்.

எட்டையும் அவர் கழற்றினார். மறைவாகவன்று, பட்டப்பகலில், கிராணி பார்த்துக்கொண்டிருக்கவே. கேட்டவர்க்கு, "இது நான் வாங்கினது. அந்தக் கூரை நான் வாங்கலே, அதை நான் தொடலே" என்றார். ஆனால் அவர் தொடவே செய்தார். அன்று மாலை வண்டி வருமுன் ஏணியைச் சாய்த்துப் பெரிய கூரையின்மேல் ஏறினார். வைத அம்மாளின் குடும்பத்துக்கு இன்னும் இரண்டு மாதத் தவணை இருந்தது. மழைக்காலம் முன்னே நின்றது. தளர்ந்த ஆணிகளை அடித்து, கையிலிருந்த தாரையெல்லாம் பூசிவிட்டு இறங்கினார். மீந்த ரப்பர் வட்டங்களை ஒரு பால்டின்னில் போட்டு அந்த அம்மாளின் வாசற்படியில் வைத்தார். ஏணியை லயத்துச் சுவரிலேயே சாய்த்து விட்டுச் சென்றார். அது பொதுவில் செய்தது.