'அடுத்த வாரம்' என்று சொல்லலாமா?

பாளையங்கோட்டையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். "ரீஃபண்டு எப்ப தம்பி வரும்?" என்ற கேள்வி எனக்கு அறச்சோதனை. 'அடுத்த வாரம்' என்றால் எதிரே இருப்பவர் முகம் தெளிந்துவிடும். ஆனால் அது எனக்குத் தெரியாது. கணக்கைப் பரிசீலிப்பது வருமான வரித் துறையின் பெங்களூரு மையம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவு, தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்தபின் 9 மாதம் அவகாசம் தருகிறது. 2024 ஜூலையில் தாக்கல் செய்திருந்தால், 2025 டிசம்பர் வரை.

குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வள்ளுவர் ஏற்கிறார்தான். இந்தப் பொய் அதில் சேராது என்பேன். அந்தப் பணத்தை நம்பி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசிவிடுவார். அங்கே குற்றம் வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால் கோபம் வரும். "ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுதுல்லா?" என்று மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் சத்தம் போட்டார். அவர் குரல் பெங்களூருக்கு எட்டாது, என் மேசைக்குத்தான் எட்டும். திருக்குறளில் வாய்மைக்கு அடுத்த அதிகாரம் வெகுளாமை. அந்த வரிசையை நான் மதிக்கிறேன்: உண்மை சொல்கிறவன், அது கிளப்பும் கோபத்தையும் பதில் கோபமில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். பொறுமை என்றால் கைகட்டி இருப்பதல்ல. அவர் வங்கிக் கணக்கு போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று அண்ணாச்சியோடு சேர்ந்து பார்த்தேன். குறைதீர்ப்பு மனுவும் போட்டோம். 244ஏ பிரிவின்படி தாமதத்துக்கு மாதம் 0.5 சதவீத வட்டி உண்டு என்பதையும் சொன்னேன். தேதி மட்டும் சொல்லவில்லை.