ஆற்றல் எங்கே உளது?

வைரசுகளால் வரும் சுவாச நோய்களை வெல்லும் ஆற்றல் நனோ மருத்துவத்துக்கு உண்டு என விஞ்ஞானிகள் கூறுவர். அவ்வாற்றல் எங்கே உளது என்று வினவுதல் மெய்யியல் மாணவனின் கடமையாகும்.

பைசர், மொடர்னா ஆகிய கொவிட்-19 தடுப்பூசிகளில், ஏறத்தாழ 100 நனோமீற்றர் விட்டமுடைய கொழுப்புத் துணிக்கைகள், எளிதிற் சிதையும் ஆர்.என்.ஏ. இழையைப் பொதிந்து கலத்தினுட் சேர்க்கின்றன. இது மெய்யான சாதனை. நோயுற்ற நுரையீரலுக்கு இவ்வாறே மருந்தைச் செலுத்தும் முயற்சிகளோ, சளிப்படலம் முதலாய தடைகளைத் தாண்டமாட்டாது பெரும்பாலும் ஆய்வுகூடத்திலேயே நிற்கின்றன.

குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சித்தாந்த வகுப்பிற் கேட்டுச் சலித்த உவமை. ஆயினும் ஈண்டு அது பயன்படும். 2020 இன் இறுதியில் வெளிவந்த பைசர் தடுப்பூசியைப் பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகை செல்சியசு அளவில் பேண வேண்டியிருந்தது; உருகியபின் சாதாரண குளிரூட்டியில் ஐந்து நாள் மட்டுமே வைக்கலாம் என்பது அன்றைய விதி. இலங்கைக்கு அது 2021 யூலையில் வந்தது. நம்மவருட் பெரும்பாலோர் ஏற்றிக்கொண்டதோ, 2 முதல் 8 பாகையில் வைக்கத்தக்க, பழைய முறையில் ஆக்கப்பட்ட சினோபாம்.

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவை அடுத்து, வில்பத்துக் காட்டின் ஓரத்தில் உள்ள எலுவன்குளத்தை எண்ணுக. அக்குளிரை அவ்வூர்வரை காத்துச் செல்ல வழியில்லையெனின், துணிக்கையின் ஆற்றல் அங்குள்ளார்க்கு மண்ணில் உறையும் குடமே: உண்டு, ஆயினும் நீர் மொள்ள இயலாது.

ஆக்குவது விஞ்ஞானியின் பணி, பகிர்வது அரசின் பணி என்று இதற்கு விடை கூறுவாருளர். இவ்விடை எனக்கு உடன்பாடன்று. பூனேயில் ஜென்னோவா நிறுவனம் ஆக்கி, 2022 யூனில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற ஆர்.என்.ஏ. தடுப்பூசி 2 முதல் 8 பாகையிலேயே நிலைத்தது. எனவே அக்கடுங்குளிர் இயற்கையின் கட்டளை மாத்திரமன்று. நோயாளி எவ்வூரில் இருப்பான் என ஆக்குவோர் முன்னரே எண்ணியதும் அதில் அடங்கும். 2020 இல் உயிர்கள் மாய்ந்துகொண்டிருந்தமையால் விரைவை நான் குறைகூறேன். அடுத்த மருந்துக்கு அச்சாக்குச் செல்லாது.

நிமித்த காரணத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. கொவிட் மருந்துகள்மீதான காப்புரிமையைத் தற்காலிகமாக விலக்குமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் கோரின. 2022 யூன் முடிபு தடுப்பூசிகளுக்கு மட்டும் ஓரளவு தளர்வு தந்தது. சிகிச்சை மருந்துகளையும் அதிற் சேர்ப்பது குறித்து, 2024 இலும் உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை.