முதல் அடி

முதல் அடி கராத்தேக்காரனுடையதாக இருக்கலாகாது என்பது கிச்சின் ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு வைத்த விதி. ஒகினாவாவில் 1868-ல் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, 1922-ல் டோக்கியோ வந்து இந்தக் கலையைப் பரப்பியவர் அவர். 'சீனக் கை' என்று எழுதப்பட்டுவந்த பெயரை, உச்சரிப்பு கெடாமல், 'வெறுங்கை' என்று எழுதும் வழக்கம் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் கற்பித்த அசைவுத் தொகுதிகளில் ஹெயான் என்ற ஐந்துமே தடுப்பில்தான் தொடங்குகின்றன. உடம்பு முதலில் பழகுவது காத்திருத்தலை.

இதை வெறும் சாத்வீக உபதேசமாகத்தான் நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இதில் அறிவு சம்பந்தப்பட்ட ஒரு பிரச்னை இருப்பதாகப் படுகிறது. இரண்டு வருஷம் கராத்தே கற்ற திமிரில் இருந்த வயதில், ஓர் இரவு பஸ் நிறுத்தத்தில் ஒருவன் என்னை நோக்கி வேகமாக வந்தான். கை நீண்டது. நான் குத்தினேன். உதடு கிழிந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி ஓடினான். தற்காப்பு என்றுதான் நண்பர்களிடம் சொன்னேன், அவர்களும் மெச்சினார்கள். ஆனால் அவன் எதற்காக வந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை என் குத்து அடைத்துவிட்டது. முந்திக்கொண்ட அடி, தன்னை நியாயப்படுத்தக்கூடிய சாட்சியத்தையே அழித்துவிடுகிறது.

வீடியோ விளையாட்டுகளில் இந்தச் சங்கடம் இல்லை. 1984-ல் வந்த 'கராத்தே சாம்ப்'பில் நடுவர் இருக்கிறார். விழுந்த அடிக்கு அரைப் புள்ளி, முழுப் புள்ளி. 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் மேலே இரண்டு உயிர்க்கோடுகள், நடுவில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். எதிரே நிற்பவன் அடிப்பதற்கென்றே படைக்கப்பட்டவன். அவனுக்கு நோக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆகவே அதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் முடியாது. அடிக்காமல் விட்ட அடிக்குப் புள்ளி போட அங்கு வழியில்லை. இவை வன்முறையைக் கற்பிக்கின்றன என்ற பத்திரிகைப் புலம்பலில் எனக்குச் சிரத்தை இல்லை. இவை கற்பிப்பது சந்தேகமின்மையை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஜோர்டன் மெக்னர் யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்து, 1984-ல் வெளிவந்த 'கராத்தேக்கா'. கராத்தே ஆசிரியர் ஒருவரை சூப்பர் 8 படச்சுருளில் பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்தெடுத்த அசைவுகள். (ஃப்ளாப்பியைத் திருப்பிப் போட்டால் முழு விளையாட்டும் தலைகீழாக ஓடும். குறும்பும் உண்டு.) அதில் நாயகனுக்கு இரண்டு நிலைகள்: சாதாரணமாக நிமிர்ந்து நிற்பது, சண்டைக்குக் கை உயர்த்தி நிற்பது. நிமிர்ந்த நிலையில் எதிரியிடம் மாட்டினால் ஒரே அடியில் சாவு. அகுமாவின் கோட்டையில் காவலாட்களை ஒவ்வொருவராக வீழ்த்தி, அகுமாவையும் முடித்து, சிறைப்பட்ட மாரிகோவின் அறைக்குள் நுழைகிறோம். அதுவரை உயிர் காத்த சண்டை நிலையிலேயே அவளை நெருங்கினால், அவள் ஒரே உதையில் கொன்றுவிடுகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன், இன்றைய கணினியில் அதை ஆடியபோது நானும் அப்படித்தான் செத்தேன். சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. நான் செய்ததைத்தான் அவளும் செய்தாள்: வருகிறவனின் கையைப் பார்த்தாள், முந்திக்கொண்டாள். ஃபுனாகோஷியின் விதிப்படி அவளும் குற்றவாளி. ஆனால் அடைபட்ட அறையில் இருக்கும் பெண்ணிடம், முதல் அடி விழும்வரை பொறுத்திரு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விழுந்த அடியைத் தாங்கித் திருப்பித்தர முடிந்த உடம்புக்குத்தான் அந்த விதி கட்டளை.

இந்த வாதம் அவளை விடுவித்துவிடுகிறது. அதன் நிழலில் நானும் தப்பிக்கப் பார்த்தேன். என் உடம்போ இரண்டு வருஷம் தடுப்புப் பழகிய உடம்பு. பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று பக்கமும் திறந்த வெளி. பத்தடி தள்ளி டீக்கடையில் ஆட்கள். ஓடியவனின் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. கடைசி பஸ் வரும்வரை நின்றேன். எடுக்க அவன் வரவில்லை.