தொழுவத்துக்கு வெளியே ஒரு சாட்சி

யூதரல்லாதவர் கறந்த பாலை, கறக்கும்போது யூதர் ஒருவர் பார்த்திருந்தால் ஒழியக் குடிக்கக் கூடாது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்ட நூல் வகுத்த விதி இது. விலக்கப்பட்ட விலங்கின் பால் கலந்துவிடுமோ என்ற ஐயமே காரணம்.

ஊர்த் தொழுவத்துக்குச் சரியாக இருந்த இந்த விதி, பண்ணை ஓரிடம் குடிப்பவர் வேறிடம் என்றான அமெரிக்காவில் திணறியது. நியூயார்க்கில் வாழ்ந்த யூத மதச் சட்ட அறிஞர் ரப்பி மோஷே பைன்ஸ்டைன் 1954-இல் ஒரு தீர்ப்பு சொன்னார். அரசு ஆய்வாளர்கள் பால் நிறுவனங்களைச் சோதிக்கிறார்கள். கலப்படம் பிடிபட்டால் அபராதம் உண்டு, கடையை மூடவும் நேரும். அதனால் கலக்க மாட்டார்கள் என்பது உறுதி. உறுதியாகத் தெரிந்தது கண்ணால் கண்டதற்குச் சமம்.

மதத்தைத் தளர்த்தும் தந்திரமல்ல இது. மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூதிலேயே இதற்கு வேர் உண்டு. தொழுவத்துக்கு வெளியே யூதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தபடி அவருக்கு உள்ளே தெரியாது. எழுந்து நின்றால் தெரியும். எப்போது எழுவாரோ என்று கறப்பவர் அஞ்சுவார், ஆகவே அந்தப் பால் குடிக்க ஆகும் என்கிறது தல்மூது. பார்வை வேண்டாம், பார்வை வரக்கூடும் என்ற அச்சமே போதும்.

அப்படியானால் இறைச்சிக்கும் அரசு முத்திரை போதாதா? போதாது. மாட்டை அறுத்ததும் மதப் பரிசோதகர் நெஞ்சுக்கூட்டுக்குள் கைவிட்டு நுரையீரலில் ஒட்டுகள் உள்ளனவா என்று தடவிப் பார்க்கிறார். ஐயம் வந்தால் நுரையீரலில் காற்றடைத்து, அந்த இடத்தில் நீர் வைத்துக் குமிழி வருகிறதா என்று கவனிக்கிறார். 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஆய்வாளரும் அறுத்த உடலைச் சோதிக்கிறார். ஆனால் அவர் தேடுவது நோயை. மதம் கேட்பது, விதித்த முறையில் அறுத்தார்களா, உயிர்போகும் ஊனம் இருந்ததா என்பதை. பாலில் மட்டும் இருவர் கேள்வியும் ஒன்று: இது பசும்பால்தானா? கேள்வி ஒன்றாகும் இடத்தில்தான் ஒருவர் சாட்சியத்தை மற்றவர் ஏற்க முடியும். இந்த எல்லையைக் கண்டுகொண்டதில்தான் அந்தத் தீர்ப்பின் நேர்மை இருக்கிறது.

இருந்தும் மரபைக் கண்டிப்பாகப் பேணும் யூதப் பிரிவினரான ஹசீதிகள் பலர் கண்காணித்துக் கறந்த பாலையே வாங்குகிறார்கள். மனச்சான்றில் கூர்மையானவர்கள் அப்படிக் கடைப்பிடிப்பது நல்லது என்று பைன்ஸ்டைனே எழுதினார். ஆகும் என்பதற்கும் உகந்தது என்பதற்கும் நடுவே அவர் இடம் விட்டுவைத்தார்.

அவரது அனுமதி உண்மையான சோதனையின் மேல் நிற்கிறது. பண்ணைக்கே போகாமல் மேசையிலிருந்தே கையெழுத்திடும் ஓர் ஆய்வாளர், தான் அறியாத ஒரு குடும்பம் நம்பிக்கையோடு குடிக்கும் பாலின் சாட்சியத்தையும் பொய்யாக்குகிறார்.