நோயாளியின் கட்டில் அருகே உள்ளம் எங்கே இருக்கிறது?

 

 

இந்த வாரம் மருத்துவத் துறையில் இருப்பவர்களைப் பற்றிப் பேச நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதில் என் தவறும் இருக்கிறது. நம் மஹல்லாவில் ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி பெறும் ஒரு தம்பி, சில மாதங்களுக்கு முன் இஷாவுக்குச் சற்று முன்னால் என்னிடம் வந்தார். (அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்.) அன்று அதிகாலை அவர் கவனித்துவந்த நோயாளி இறந்திருந்தார். "மவுத்தாகி அஞ்சே நிமிஷத்துல அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன் ஹஜ்ரத். அவர் பேசினது எதுவும் காதுல விழல. இந்தப் படிப்பே வேணாம்னு தோணுது" என்றார். நானோ இகாமத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் அல்லாஹ்வுடைய நாட்டம் தம்பி, ஸப்ரு செய்ங்க" என்று சொல்லி எழுந்துவிட்டேன். வார்த்தை சரியானதுதான். ஆனால் அதைச் சொன்னபோது நான் அங்கே இல்லை. அடுத்த கட்டிலில் அவர் எப்படி நின்றாரோ, அப்படித்தான் நான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மருத்துவ மாணவர்களிடையே 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் நோயாளிகளுக்காக இதை ஒரு பயிற்சியாகத் தொடங்கினார். 1999-ல் ரொனால்ட் எப்ஸ்டீன் என்ற மருத்துவர், இந்த விழிப்பு மருத்துவருக்கும் வேண்டும் என்று எழுதினார். பௌத்தத் தியானத்திலிருந்து வந்ததாயிற்றே, நாம் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மூச்சைக் கவனித்து, அலையும் மனதை ஓரிடத்தில் நிறுத்துவது ஒரு பயிற்சி. வேறு அகீதா எதுவும் அதனோடு ஒட்டிக்கொள்ளாதவரை அதைத் தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நம்மிடம் இதற்கு முராகபா என்று பெயர் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும் தனியாக ஒரு பாகமே ஒதுக்கியிருக்கிறார்கள். அல்லாஹ் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு கையிலுள்ள வேலையைச் செய்வதுதான் அதன் அடிப்படை.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸியை ஒவ்வொரு மருத்துவரும் நர்ஸும் நினைவில் வைக்க வேண்டும். நான் நோயுற்றிருந்தேனே, நீ ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்று மறுமையில் அல்லாஹ் கேட்பானாம். அடியான் திகைத்து நிற்க, நோயுற்ற இன்ன அடியானிடம் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாயே என்பானாம். சகோதரர்களே, நாம் ஆண்டுக்கு நாலைந்து முறை நோயாளியைப் பார்க்கப் போகிறோம். உங்களுக்கோ ஒரே ஷிஃப்டில் ஐம்பது பேர்! அந்த ஐம்பது இடத்திலும் உடல் மட்டும் போய்விட்டு வந்தால் எவ்வளவு பெரிய நஷ்டம்!

நபி (ஸல்) அவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முழு உடலோடும் திரும்புவார்கள் என்று ஷமாயிலில் வருகிறது. முகத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு "சொல்லுங்கம்மா" என்று கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நேரம் எங்கே ஹஜ்ரத் என்பீர்கள். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கையில் மருந்து தேய்க்கிறீர்கள் அல்லவா? அதற்கு 20 முதல் 30 விநாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. (அதில் ஆல்கஹால் இருக்கிறதே என்ற கேள்வியை வேறொரு பயானில் பார்ப்போம்.) அந்த விநாடிகள் ஏற்கெனவே உங்களுடையவை. பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். நிதானமாக ஒரு மூச்சு. முந்தைய கட்டிலில் நடந்ததை அங்கேயே விடுங்கள். அடுத்தவரின் பெயரை மனதில் சொல்லி நிய்யத்தைப் புதுப்பியுங்கள். தக்பீர் தஹ்ரீமாவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? அதுவரை ஹலாலாக இருந்த பேச்சும் உணவும் அந்தத் தக்பீரோடு தொழுகைக்குள் ஹராமாகிவிடுகின்றன. ஒரு வாசலைத் தாண்டுகிறோம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அப்படி ஒரு வாசல் இருக்கட்டும்.

விட்டுவிடுங்கள் என்றால் கல்லாகிவிடுங்கள் என்று பொருளில்லை. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்கள் அழுதார்கள். கண் அழுகிறது, உள்ளம் துயரப்படுகிறது என்பதை மறைக்காமல் சொன்னார்கள். டியூட்டி முடிந்த பிறகு யாரிடமாவது சொல்லி அழுங்கள். தூக்கமே வராமல், வாழ்க்கையே வெறுத்துப்போனால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன நபியின் கட்டளை மருத்துவருக்கும்தான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஓய்வே இல்லாமல் ஒருவரை அடுத்தடுத்து டியூட்டியில் நிறுத்திவிட்டு, மூச்சுப் பயிற்சி செய் என்று வகுப்பெடுப்பது நியாயமா? 2019-ல் உலக சுகாதார நிறுவனமே 'பர்ன் அவுட்' என்பதை வேலையிடம் சார்ந்த பிரச்சினை என்றுதான் வகைப்படுத்தியது. உங்கள் கீழுள்ளவர் மீது சுமக்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது புகாரியில் உள்ள நபிமொழியின் கருத்து. இரவெல்லாம் நின்று வணங்கிய அபூதர்தா (ரலி) அவர்களையே ஸல்மான் (ரலி) அவர்கள் தூங்கச் சொன்னார்கள். உன் உடலுக்கும் உரிமை உண்டு என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபியவர்களும் ஏற்றார்கள்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் பிறகு ஒருநாள் போனேன். போனை பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். நான் எந்த ஹதீஸும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அன்னைக்கு நான் சரியா கேக்கல தம்பி, மன்னிச்சுக்கோங்க" என்றேன். இப்போதும் டியூட்டிக்குப் போய்வருகிறார், அல்ஹம்து லில்லாஹ்.

யா அல்லாஹ்! இன்றிரவு வார்டுகளில் விழித்திருக்கும் உன் அடியார்களின் கைகளுக்கு ஷிஃபாவைக் கொடு. அவர்களின் உள்ளங்களுக்கு ஸகீனத்தைக் கொடு. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.