மாதிரி விலங்கும் மனித அறமும்

மனித நோயொன்றை விளங்கிக்கொள்ளும் பொருட்டு வேறோர் உயிரை நோயுறச் செய்தல் முறையாகுமா என்னும் வினா புதியதன்று. 1865 இல் பரிசோதனை மருத்துவம் பற்றி நூலெழுதிய குளோட் பேர்ணாட், மனிதனுக்குப் பயன் விளையுமாயின் விலங்கைப் பரிசோதித்தல் அறத்துக்கு உடன்பாடே எனக் கொண்டார். அவருக்கு முன்னரே, 1789 இல், ஜெரமி பெந்தம் துன்புறும் இயல்பையே அளவுகோலாக்கியிருந்தார். இவ்விரு நிலைப்பாடுகளின் மோதலும் றெற்றோவைரசு ஆய்வுகளில் மிகக் கூர்மையாக வெளிப்படுகின்றது.

மனிதரிற் கண்டறியப்பட்ட முதலாவது றெற்றோவைரசு, 1980 இல் ஐக்கிய அமெரிக்காவில் றொபேட் கலோவின் ஆய்வுகூடம் அறிவித்த எச்.ரி.எல்.வி.-1 ஆகும். தொற்றுற்றோரிற் பெரும்பாலார் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பர். சிலரைக் குருதிப் புற்றுநோய் பற்றும். வேறு சிலருக்கு முண்ணாண் அழற்சியுற்று, கால்கள் விறைத்து, நடை தளர்ந்து, சிறுநீரை அடக்கும் ஆற்றலும் குன்றும். 1985 இல் மார்த்தினிக் தீவிலும் 1986 இல் யப்பானின் ககோசிமாவிலும் இந்நரம்பு நோய்க்கும் அவ்வைரசுக்குமுள்ள தொடர்பு புலனாயிற்று. இதனை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. கொல்லாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தோர் விலங்குப் பரிசோதனையை விரைந்து கண்டித்துவிடக்கூடும். அந்நோயாளியின் கட்டிலருகே நிற்கையில் அவ்விரைவு தளரும்.

பரிசோதனையின் பயனை மறுத்தலும் எளிதன்று. 1985 இல் யப்பானிய ஆய்வாளர் தொற்றுடைய தாய்மாரின் பாலை மாமோசெற் என்னும் சிறு குரங்கொன்றுக்கு வாய்வழி ஊட்டினர், அது தொற்றுக்குள்ளாயிற்று. குடும்பங்களை ஆராய்ந்து பெற்ற சான்றுகளோடு இதுவும் சேர, தொற்றுடைய தாய்மார் தாய்ப்பாலூட்டலைத் தவிர்க்குமாறு ஆலோசனை கூறும் திட்டம் 1987 இல் நாகசாகியில் தொடங்கியது.

ஆயின் எல்லா விலங்குகளும் இவ்வாறு விடை தந்தனவல்ல. தொற்றேற்றப்பட்ட ஒருவகை எலிகளின் பின்னங்கால்கள் ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் தளர்ந்தன. எனினும் மனித முண்ணாணில் வந்து குழுமும் நிணநீர்க்கலங்கள் அவற்றிற் காணப்படவில்லை. கால் ஒன்றுபோலத் தளர்ந்தது. தளர்ந்த வழி வேறு. எயிட்ஸ் ஆய்வுக்கென 1986 இல் ஐக்கிய அமெரிக்கா சிம்பன்சிகளை இனம்பெருக்கத் தொடங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டவை எச்.ஐ.வி. ஏற்றப்பட்டும் அவற்றுள் ஏறத்தாழ எதுவுமே நோயுறவில்லை. குரங்குகளுக்குரிய வைரசை ஏற்ற றீசஸ் குரங்குகளே மூளையழற்சி வரை நோயைக் காட்டின.

ஒப்புமை இருபுறமுங் கூருடைய வாள். விலங்கு மனிதனை ஒத்ததாயின் அதன் துன்பமும் மனிதத் துன்பத்தை ஒத்ததே. ஒவ்வாததாயின் அது தரும் அறிவு ஐயத்துக்குரியது. குருதி ஒத்திருத்தல் உளம் ஒத்திருத்தலாகாது எனப் பரிசோதனையாளர் மறுமொழி கூறுவர். முயலின் குருதியை ஆராய்வோருக்கு இம்மறுமொழி போதியதே. ஆராயப்படுவது மூளையின் சிதைவாகவும், தேடப்படுவது மறதியும் தடுமாற்றமுமாகவும் இருக்கும்போது அது வலுவிழந்து விடுகின்றது.

பயன்வாதியின் தராசும் இங்கு தடுமாறும். துன்பம் உறுதியானது, முன்னே நிகழ்வது. பயன் எதிர்பார்ப்பு மட்டுமே. மாமோசெற்றுக்குப் பாலூட்டியவரும் சிம்பன்சிக்கு ஊசியேற்றியவரும் தொடங்கிய நாளில் ஒரே நம்பிக்கையுடனேயே தொடங்கினர். பின்னர் வந்த வெற்றி அன்றைய முடிவுக்கு நியாயமாகுமெனின், பின்னர் வந்த தோல்வி அன்றைய முடிவைக் குற்றமாக்க வேண்டும். இதனை எவரும் ஒப்பார். எனவே விளைவொன்றையே நம்பியிராது, பயன் தராத விலங்குக்கும் பட்ட கடன் யாது என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும். 1959 இல் ரசலும் பேர்ச்சும் வகுத்த பதிலீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளும் பரிசோதனை நடக்கும் முறையைச் சீர்செய்வன. அது முடிந்தபின் எஞ்சும் உயிரைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

சிம்பன்சிகளின் மீதான ஆய்வுகளை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2015 இல் முற்றாகக் கைவிட்டன. அடைப்பிலும் ஐம்பதாண்டு வரை வாழக்கூடிய இனம் அது. அவற்றின் ஓய்வுக்காலப் பராமரிப்புக்கென அந்நாடு சட்டமியற்றியது, இனப்பெருக்கத் திட்டம் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2000 ஆம் ஆண்டிலேயாகும்.