அளப்பவர் அழலாமா?

2016 ஏப்ரலில் டெரி ஹியூஸ் ட்விட்டரில் ஒரு வரைபடத்தைப் பகிர்ந்தார். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் பவளப்பாறை ஆய்வு மையத்தை நடத்திவந்தவர் அவர். கிரேட் பாரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடர் நெடுகப் பறந்து பார்த்த 911 திட்டுகளில் 93 சதவீதம் வெளிறியிருந்தன. அந்த முடிவுகளை மாணவர்களுக்குக் காட்டியதையும், பிறகு எல்லோரும் அழுததையும் கூடவே எழுதியிருந்தார்.

அளப்பவர் அழலாமா? கேள்வி பழையது. 1917இல் மியூனிக்கில் அறிவியல் பணியைப் பற்றி உரையாற்றிய ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், ஆசிரியர் வகுப்பறையில் தீர்க்கதரிசியாக மாறக் கூடாது என்றார். உள்ளது இதுதான் என்று சொல்வது ஒன்று, எதைப் போற்ற வேண்டும் என்று சொல்வது வேறு. அவருடைய எச்சரிக்கையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு முடிவில் மனம் பதிந்துவிட்டவர் கண்ணுக்கு அதற்குத் தோதான சான்றே முதலில் படும்.

ஆகவே கண்ணீரை விட்டுவிட்டு, முதலில் அளந்த விதத்தைப் பார்ப்போம். சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் தாழப் பறந்து, ஒவ்வொரு திட்டுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டார்கள். வெளிறல் 1 சதவீதத்துக்கும் கீழே என்றால் 0, 60 சதவீதத்தைத் தாண்டினால் 4. மேலிருந்து போட்ட மதிப்பெண் சரிதானா என்று நீரில் மூழ்கியும் சோதித்தார்கள். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. அதன் திசுவுக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசியைச் சூடு தாளாமல் அது வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். அதனால் ஆய்வுக் குழு மாதங்கள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தது. மார்ச்சிலிருந்து நவம்பருக்குள் பவளப் பரப்பில் சுமார் 30 சதவீதம் அழிந்திருந்தது.

இன்னொன்றையும் அந்தக் குழு மறைக்காமல் எழுதியது. ஃபிஜியைத் தாக்கிய வின்ஸ்டன் புயலின் மிச்சம் மேகமும் மழையுமாக வந்து குளிர்வித்ததால், ரீஃபின் தென்பகுதி பெருமளவு தப்பியது. துயரத்துக்கு ஆதாரம் திரட்டுவதே நோக்கமாக இருந்திருந்தால் இந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் கடந்திருப்பார்கள். அழுகை அளவைத் தொடவில்லை, அளவு முடிந்த பிறகே வந்தது. வேபரின் கோடு இங்கே மீறப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்கு வந்து தேதியையும் நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரை நாம் நடுநிலையாளர் என்று மெச்சுவதில்லை. போனது விலைமதிப்பற்றது என்பதும் நடந்ததன் ஒரு பகுதிதானே?

எல்லோரும் இப்படி நினைக்கவில்லை. இந்தப் பேச்சு வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று சுற்றுலாத் தொழிலில் சிலர் கொதித்தார்கள். அதைவிடக் கனமான மறுப்பு 2022இல் வந்தது. ரீஃபின் வடக்கிலும் நடுவிலும் பவளப் பரப்பு 36 ஆண்டுக் கண்காணிப்பில் காணாத உயரத்தைத் தொட்டது. அப்படியானால் அந்தக் கண்ணீர் அவசரப்பட்டதா?

இல்லை. காலியான இடத்தைப் பெரும்பாலும் நிரப்பியவை அக்ரோபோரா வகைப் பவளங்கள். மளமளவென்று வளரும், அடுத்த சூட்டிலும் புயலிலும் முதலில் விழும். மெதுவாக வளரும் பெரிய பவளங்கள் செத்தால், அந்த இடம் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் வேண்டும். பரப்பு என்ற ஒரே எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதை எடுத்துச் சொல்ல, எது போனது என்று அறிந்த ஒருவர் தேவை.

உலகெங்கும் 100 இடங்களை ஆராய்ந்து ஹியூஸ் குழு 2018இல் வெளியிட்ட கட்டுரை காலக்கணக்கைத் தந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் கடும் வெளிறல் 25, 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தது. கட்டுரை வெளிவந்தபோது அந்த இடைவெளி சுமார் ஆறு ஆண்டாகக் குறைந்திருந்தது. வேகமாக வளரும் பவளங்களுக்கே மீள்வதற்குப் பத்து ஆண்டாவது வேண்டும். கிரேட் பாரியர் ரீஃபில் 2016க்குப் பிறகு 2017, 2020, 2022, 2024 என வெளிறல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2017இலும் 2020இலும் ஹியூஸ் மறுபடி பறந்தார், மதிப்பெண் போட்டார், வரைபடத்தை மக்கள் முன் வைத்தார்.